அவளுக்கு மட்டும் கேட்ட ஆங்கிலம்

என் மனைவி பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். நான் டெக்ஸ்டைல் டிப்ளமா முடித்தவன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் எனக்கு இருந்த மரியாதையில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தால் வந்தது. அதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஆங்கிலம் தெரிந்த ஆள் என்றால் நான்தான். பேங்கிலிருந்து வந்த கடிதம், பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை, பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் என்னிடம் வரும். "ஏனுங்ணா, இதுல என்னமோ போட்டிருக்குது, கொஞ்சம் பாருங்ணா" என்று வாசலில் வந்து நிற்பார்கள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, தேவைக்கு ஒரு நிமிடம் கூடுதலாகவே அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வேன்.

வேலை ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் அனுப்பும் மெயிலுக்குப் பதில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, கலருக்கு ஒப்புதல் வாங்குவது. எழுதுவதில் எனக்குப் பயமில்லை. போன் அடித்தால்தான் பயம். அந்தப் பக்கம் பேசுகிறவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது எனக்கு அதன் முதல் வார்த்தை மட்டும்தான் பிடிபட்டிருக்கும். 'எஸ் சார், எஸ் சார்' என்று சமாளித்து வைத்துவிட்டு, பேசியதை எழுத்தில் அனுப்பும்படி உடனே ஒரு மெயில் போடுவேன். இப்படியே பல வருடம் ஓட்டியாயிற்று. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இரண்டு முறை சேர்ந்தேன். இரண்டு முறையும், எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்லும் பாடத்தோடு நின்றுவிட்டேன்.

என் மனைவி வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தைத்து முடித்த பனியனில் அங்கங்கே தொங்கும் நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுக்கிற வேலை. ஏஜெண்ட் காலையில் மொபெட்டில் வந்து மூட்டையை இறக்கிவிட்டுப் போவார், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார். நாள் முழுக்கக் கையும் கண்ணும் பனியனில் இருக்கும். காதுக்கு மட்டும் வேலை இல்லை.

அந்தக் காதுக்குள் ஆங்கிலம் நுழைந்தது எங்கள் மகளால். அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, பிள்ளைகள் தினமும் ஆங்கிலக் கதை கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் ஒரு லிங்க் வந்தது. ஏதோ வெளிநாட்டு ரேடியோவில் நிதானமாக வாசிக்கப்படும் கதைகள், நடுநடுவே யாராவது பேசும் சொற்பொழிவுகள். மகள் இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள், "மிஸ்ஸு கேள்வியே கேக்கலம்மா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். போன் அம்மாவின் பக்கத்தில் கிடந்தது. கதை ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

சில நாள் கழித்துத்தான் நான் கவனித்தேன். டைனோசர் படம் போட்ட குழந்தைப் பனியன்கள் மடியில் குவிந்திருக்க, ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புரியுதுன்னு புள்ள இதைக் கேக்கற?"

"ஒண்ணும் புரியலீங்க. ஆனா கேக்கறதுக்கு நல்லாருக்குது."

சிரித்தேன். மறுநாள் டீ நேரத்தில் ஆபீசிலும் சொல்லிச் சிரித்தேன். "எங்க ஊட்ல பிபிசிக்காரி ஆயிட்டு வர்றாங்க" என்று.

அவள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு வாரம் ஒரு கதை. புரியாவிட்டால் நிறுத்தி அகராதி பார்ப்பதெல்லாம் இல்லை. கையில் கத்தரி இருக்கும்போது எதைப் பார்ப்பது? அப்படியே ஓடவிடுவாள். நடுநடுவே வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்ப்பாள். குழம்பு கொதிக்கும்போது அடுப்படியிலும் அந்த முணுமுணுப்பு கேட்கும். ஒருநாள் நான் கிண்டலாக விசாரித்தபோது யோசித்துத்தான் பதில் சொன்னாள்: "மொதல்ல சலசலன்னு ஒரே சத்தமாத்தானுங்க இருந்துச்சு. இப்ப எங்க நிறுத்தறாங்க, எங்க கோவப்படறாங்கன்னு தெரியுது. அர்த்தம் அதுக்கப்பறம் ஒவ்வொண்ணா வருதுங்க."

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டே எனக்கும் மகளுக்கும் ஒரு கதை சொன்னாள். பனி பெய்யும் ஊரில் ஒரு பஸ் டிரைவர். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற கடைசி நாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட, ஒரு பாட்டியம்மா மட்டும் பின் சீட்டில் அசந்து தூங்குகிறார். எழுப்ப மனசு வராமல் டிரைவர் பஸ்ஸை இன்னும் ஒரு சுற்று ஓட்டுகிறார். பிறகு இன்னொரு சுற்று. ஏன் ஓட்டுகிறார் என்பது அவருக்கே மெதுவாகத்தான் புரிகிறது. அவள் சொன்ன விதத்தில் மகள் தோசையைப் பிய்த்த கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இதை எதுல படிச்ச?" என்றேன்.

"படிக்கலீங்க. கேட்டதுதான்."

மறுநாள் மதியம், சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு கட்டிங் செக்‌ஷன் பக்கத்து மாடிப்படியில் போய்த் தனியாக உட்கார்ந்தேன். அதே கதையை என் போனில் போட்டேன். ஒரு ஆண் குரல். முதல் வாக்கியம் புரிந்தது. இரண்டாவதில் 'பஸ்' என்ற வார்த்தை புரிந்தது. பிறகு குரல் ஓடிக்கொண்டே இருந்தது, நான் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். மூன்று முறை கேட்டேன். தூங்கியது பாட்டியம்மாதான் என்பதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் காதால் எனக்குத் தெரியவில்லை. டப்பாவில் சோறு அப்படியே இருந்தது.

நான் ஆங்கிலத்தில் சொற்பொழிவே கேட்காதவன் இல்லை. தலைமைப் பண்பு, வெற்றியின் ரகசியம் என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் கீழே ஓடும் எழுத்தை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். காதால் நான் ஆங்கிலம் கேட்டதே இல்லை என்று அந்தப் படிக்கட்டில் எனக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் வந்த கோபம் என் மேல் வரவில்லை. அவள் மேல் வந்தது.

அதற்குப் பிறகு நான் சின்னச் சின்னதாக நிறைய செய்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே "அந்தச் சத்தத்தை நிறுத்து, தலை வலிக்குது" என்பேன். இயர்போன் மாட்டியிருப்பவளிடமிருந்து எனக்கு என்ன சத்தம் கேட்டுவிடும்? அவள் நிறுத்திவிடுவாள். மகளிடம் அவள் ஏதாவது ஆங்கில வார்த்தை சொன்னால் திருத்துவேன். ஒருநாள் காய்கறிக்கான ஆங்கில வார்த்தையை அவள் 'வெஜ்டபிள்' என்றாள். "வெஜிடேபிள்னு சொல்லு, எழுத்தை முழுங்காதே" என்றேன். மகள் உடனே போனில் தட்டிப் பார்த்தாள். போன் தெளிவாக 'வெஜ்டபிள்' என்றது. மகள் இன்னொரு முறை தட்டினாள். "அப்பா, அம்மா சொன்னதுதாம்ப்பா கரெக்டு." போனில் எல்லாம் சரியாக இருக்காது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன்.

பிறகு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மகளின் ஆங்கில ஆசிரியை புதிதாக வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. நான் பைக்கில் போகும்போதே இரண்டு வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். ஆசிரியை புருவத்தை உயர்த்தி, மன்னிக்கணும், என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். திரும்பச் சொன்னேன். அவருக்கு அப்போதும் புரியவில்லை. காது சூடானது. அப்போது பக்கத்திலிருந்து என் மனைவி, நான் கேட்க நினைத்ததையே ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். மகள் வகுப்பில் வாயைத் திறந்து பேசுகிறாளா என்பதுதான் கேள்வி. ஆசிரியையின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியையே அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த பத்து நிமிடமும் நான் சுவரில் ஒட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நான் பேசிட்டிருக்கறப்ப நீ எதுக்குக் குறுக்க வந்த?"

"இல்லீங்க, அவங்களுக்குப் புரியலைன்னுதான்..."

"நான் பேசற இங்கிலீஷ் புரியலையா?"

அவள் பைக்கில் ஏறிக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்து வந்தவள் வழக்கமாகத் தோளில் வைக்கும் கையை அன்றைக்கு வைக்கவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று விட்டுவிடலாம். அடுத்துச் செய்ததை அப்படி விட முடியாது.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. அந்த வருடம் ஒரு ஷிப்மெண்டைப் பார்வையிட ஐரோப்பாவிலிருந்து பையரின் ஆள் ஒரு அம்மா வந்திருந்தார். மானேஜர் விருந்தினர்களைக் கவனிக்கப் போய்விட, அந்த அம்மா நெற்றியில் குங்குமமும் கையில் பொரி கடலைப் பொட்டலமுமாக கேட் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் அவருக்கு எத்தனையோ மெயில் போட்டிருக்கிறேன். அவரைப் பார்த்ததும் குனிந்து, சும்மா கிடந்த வயரைச் சுற்றி வைக்க ஆரம்பித்தேன்.

வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். சிவப்பாகத் தெறித்ததைப் பார்த்து அந்த அம்மா ஒரு அடி பின்னால் போனார். பக்கத்தில் நின்ற என் மனைவி அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் கேட்டார். இவள் சொன்னாள். கண் திருஷ்டியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. தன் கண்ணைத் தொட்டு, கம்பெனியைக் காட்டி, முகத்தைச் சுளித்து, கையால் உடைத்துக் காட்டினாள். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இருவரும் நடந்துகொண்டே பேசினார்கள். பிசிறு வெட்டும் மேஜை வரைக்கும் கூட்டிப்போய், கத்தரியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இவள் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் பேச்சில் பிழை இருந்தது. நேற்று நடந்ததை இன்று நடப்பதாகச் சொன்னாள். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பிழைகளை எண்ணினேன். ஒவ்வொன்றும் எனக்கு இதமாக இருந்தது. ஆனால் அந்த அம்மா ஒன்றையும் எண்ணவில்லை. பொரியைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க ஊட்ல இவ்வளவு நல்லாப் பேசறாங்க, நீங்க சொல்லவே இல்லையே? பையருங்க வந்தா கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்ட, போன் எடுத்துப் பேச நமக்கு ஒரு ஆள் வேணும். அந்தம்மாவே கேட்டாங்க. வரச் சொல்லுங்களேன்."

யோசிக்கக்கூட இல்லை. "அவளுக்கு வெளிய வேலைக்குப் போறதுல இஷ்டமில்லீங்க சார். புள்ளையப் பாத்துக்கோணும்ங்கறா."

"கேட்டுப் பாருங்க."

"கேட்டாச்சுங்க சார், முன்னமே."

அன்று சாயங்காலம் அவளே விசாரித்தாள். "அந்தம்மாவைப் பத்தி ஆபீஸ்ல ஏதாச்சும் பேசிக்கிட்டாங்களா?" ஒன்றுமில்லை என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, அந்த அம்மாவுக்கு இரண்டு பேரப் பிள்ளைகள் என்றும், அவரும் இளம் வயதில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர் என்றும் சொன்னாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் செய்தியைப் பார்ப்பதுபோல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தையில் மானேஜரைப் பார்த்துவிட்டோம். கையில் கீரைக் கட்டோடு நின்றவர் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, ஆபீசு வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டீங்களாமா? அந்தம்மா இன்னமும் உங்களைக் கேக்கறாங்க."

நான் தக்காளியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"ஆமாங்க சார், அப்ப கொஞ்சம் முடியாம போச்சுங்க" என்றாள்.

"இப்ப ஒரு பொண்ணைப் போட்டாச்சும்மா. முன்னமே வந்திருக்கலாம்."

"பரவால்லீங்க சார்."

வீடு வந்ததும் காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

மகள் படிப்பு, வீட்டு வேலை, ஒரே கம்பெனியில் இரண்டு பேர் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது என்று அடுக்கிக்கொண்டே போனேன். நான் முடிக்கும் வரை அவள் விட்டாள்.

"அதெல்லாம் இல்லீங்க. நெசத்தைச் சொல்லுங்க."

வேறு ஒன்றும் மிச்சமில்லாததால் சொன்னேன். "பொறாமை புள்ள. எனக்கு வராதது உனக்கு வந்துருச்சேன்னு."

"எம்மேலயா?" அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. உண்மையிலேயே நம்ப முடியாத சிரிப்பு. பிறகு அது மெதுவாக வடிந்தது.

"யாருகூடயாச்சும் பேசிப் பாக்கோணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத் தெரியாம செஞ்சிருந்தா பொறுத்துக்குவனுங்க. தெரிஞ்சு செஞ்சிருக்கீங்க."

மானேஜரிடம் மறுபடியும் பேசுகிறேன் என்றேன். "வேண்டாமுங்க. எனக்காக நீங்க பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் காய்களைப் பிரிக்க உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கதை சொல்வது மட்டும் நின்றுவிட்டது. தோசை ஊற்றும்போது வீட்டில் கல்லின் சத்தம் மட்டும் கேட்டது. மகளுக்குத் தனியாக, நான் இல்லாதபோது சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

வேலையை அவளே தேடிக்கொண்டாள். மூட்டை கொண்டுவரும் ஏஜெண்டிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் பையர்களிடம் பேச ஆள் தேவை என்று அவர் வந்து சொன்ன அடுத்த நாள், பஸ் ஏறித் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து போகப்போவதாக என்னிடம் சொன்னாள், கேட்கவில்லை. காலை எட்டரைக்குக் கம்பெனி வேன் தெரு முனையில் நிற்கும். முதல் நாள் மகளுக்குத் தலை பின்னிவிட்டது நான். கோணலாக வந்தது.

லைன் வீட்டுக்காரர்களும் மாறிவிட்டார்கள். கையில் காகிதத்தோடு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "அக்கா வந்துட்டாங்களா?" என்கிறார்கள். நான் பார்க்கிறேன் என்றால், "இருக்கட்டுங்ணா, போன்ல பேசோணும், அக்கா வரட்டும்" என்கிறார்கள்.

வேலைக்குப் போய் மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பையர் போனில் முப்பது சாம்பிள் கேட்டிருக்கிறார். அந்தத் 'தேர்ட்டி' இவள் காதில் 'தேர்ட்டீன்' என்று விழுந்திருக்கிறது. பதின்மூன்றுதான் போயிருக்கிறது. அங்கே அவர்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சாம்பிள் இல்லை. இங்கே எல்லோர் முன்னாலும் முதலாளி சத்தம் போட்டிருக்கிறார்.

அவள் அழுதுகொண்டிருந்தபோது என் நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒன்று இறங்கியது. அது சந்தோஷம். அவள் காதும் தவறும் என்கிற சந்தோஷம். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், முகத்தைச் சரிசெய்துகொள்ள அந்த நேரம் எனக்குத் தேவைப்பட்டது.

"மெயில் போட்டாச்சா?" என்றேன்.

"எனக்குப் பேசத்தானுங்க வரும். எழுதினா எழுத்து தப்பு தப்பா வருது."

லேப்டாப்பை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். தவறு எங்களுடையது, மீதிப் பதினேழும் நாளையே கிளம்புகிறது என்று முறையாக எழுதினேன். பதினைந்து வரி வந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வரி வரியாக வாய்விட்டு வாசித்தாள்.

"இது எதுக்குங்க?" நடுவில் நான் போட்டிருந்த நீளமான வாக்கியத்தைக் காட்டினாள். "தங்களின் மேலான கவனத்துக்குன்னு... இப்படி யாரும் பேசி நான் கேட்டதே இல்லீங்க."

"பேசறது வேற, எழுதறது வேற."

"அந்தப் பையர் படிச்சா மனுசங்க பேசற மாதிரி இருக்கோணுமுங்க."

அந்த வரியை எடுத்தாள். அடுத்ததையும் எடுத்தாள். கடைசியில் ஆறு வரி நின்றது. அதிலிருந்த எழுத்துப் பிழைகளை நான் திருத்தினேன். எனக்குக் கோபம் வந்தது, என் வரிகள் போனதற்காக. ஆனால் மிச்சமிருந்த ஆறு வரியைப் படித்துப் பார்த்தபோது அது நன்றாக இருந்ததும் தெரிந்தது. அனுப்பினோம்.

மறுநாள் நான் ஆபீசில் இருக்கும்போது போன் செய்தாள். அவளாக வேலை நேரத்தில் எனக்குப் போன் செய்தது அந்தச் சந்தை நாளுக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

"பதில் வந்துருச்சுங்க. பரவாயில்லைன்னு போட்டிருக்காங்க. நல்லா எழுதியிருக்கீங்கன்னும் போட்டிருக்காங்க."

"யாரு, நீயா நானா?"

"ரெண்டு பேரும்தானுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். பின்னால் யாரோ அவளை ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். ஒரு நிமிடம் என்று அவர்களிடம் சொன்னாள், எந்தத் தயக்கமும் இல்லாமல், 'ஊட்டுக்கு வாங்க' என்று சொல்வதுபோல. எனக்கு அது இன்னும் சுருக்கென்றுதான் இருந்தது. வைத்துவிடட்டுமா என்று கேட்டாள். சரி, சாயங்காலம் வா, பேசலாம் என்றேன்.